கதையில் போன் அடிக்கும் இடம்: நாயகருக்கு வரும் ‘அழைப்பு’ பற்றி ஓர் எளிய விளக்கம்

கதையும் சினிமாவும் பேசப்படும் இடங்களில் எல்லாம் ‘சாகசத்துக்கான அழைப்பு’ என்ற சொல் இப்போது சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. ஹீரோ ஊரைவிட்டுக் கிளம்பினால் அது அழைப்பு. தாடி வைத்த பெரியவர் வந்து நாலு வார்த்தை சொன்னால் அது அழைப்பு. முதல் அத்தியாயத்தில் யாராவது இறந்துபோனால் அதுவும் அழைப்பு. எழுதக் கற்றுக்கொள்ளும் நண்பர் ஒருவர் தன் கதையை என்னிடம் கொடுத்து, “பத்தாம் பக்கத்தில் அழைப்பு வைத்திருக்கிறேன், பாருங்கள்” என்றார். பார்த்தேன். பத்தாம் பக்கத்தில் ஒரு பாலம் இடிந்து விழுகிறது. கதாநாயகி அதை டிவியில் பார்க்கிறாள், ஐயோ பாவம் என்கிறாள், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப்போகிறாள்.

அவர் மேல் தப்பே இல்லை. இவ்வளவு தளர்வாகச் சொல்லப்படும் ஒரு விஷயத்தை வேறு எப்படித்தான் புரிந்துகொள்வது? அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, கதை கேட்டு வளர்ந்தவராக இருந்தால் போதும்.

முதலில் ஒரு போன்

இரவு பதினொன்றரை மணி. படுத்திருக்கிறீர்கள். போன் அடிக்கிறது. தெரியாத எண்.

அது அடிப்பதற்கு ஒரு நொடி முன்புவரை நீங்கள் சும்மா படுத்திருந்தீர்கள், அவ்வளவுதான். இப்போதும் அதே படுக்கை, அதே தலையணை, விரல்கூட அசையவில்லை. ஆனால் இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் வேறு: எடுக்காமல் இருக்கிறீர்கள். மணி ஓயும்வரை அப்படியே கிடந்தால் நீங்கள் ‘எடுக்காதவர்’. காலையில் எழுந்ததும் அது யாராக இருக்கும் என்ற யோசனை வரும். உங்கள் உடம்பு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் நீங்கள் ஒன்றைச் செய்துவிட்டீர்கள்.

இன்னொன்று. ஒரே இடத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கும் ஒருவருக்கு, கடல் தாண்டி ஒரு வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. படிக்கிறார், கிழித்துப் போடுகிறார், மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்காருகிறார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் நேற்றுவரை அவர் அங்கே வேலை பார்ப்பவர். இன்றிலிருந்து அவர், போகச் சந்தர்ப்பம் வந்தும் போகாதவர். அந்த நாற்காலி அவரே தேர்ந்தெடுத்த நாற்காலி ஆகிவிட்டது.

கதையில் அழைப்பு என்பது இந்தக் கணம்தான். எது வந்த பிறகு ஒரு பாத்திரம் சும்மா இருப்பதுகூட ஒரு முடிவாகிவிடுகிறதோ, அது அழைப்பு. அது சத்தமாக இருக்க வேண்டும் என்றோ ஆபத்தாக இருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. பாலம் இடிந்தது சத்தமான நிகழ்ச்சிதான், ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகும் முன்பு தூங்கிய அதே தூக்கத்தைத்தான் தூங்குகிறாள். அவளுக்கு மணி அடிக்கவே இல்லை.

சொல் வந்த வழி

இந்தச் சொல்லைப் பரப்பியவர் அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல். 1949இல் வெளிவந்த ‘ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்’ என்ற நூலில், உலகத்தின் பல மூலைகளிலிருந்து புராணங்களையும் நாட்டுப்புறக் கதைகளையும் எடுத்து அடுக்கி, இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே எலும்புக்கூடு இருக்கிறது என்று வாதிட்டார். புறப்பாடு, சோதனைகளுக்கு உள்ளாதல், திரும்பிவருதல் என்று மூன்று பெரும் பகுதிகள், அவற்றுக்குள் மொத்தம் 17 படிகள். அதில் முதல் படிக்கு அவர் வைத்த பெயர்தான் சாகசத்துக்கான அழைப்பு. இரண்டாம் படியின் பெயர் அழைப்பை மறுத்தல். இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் 1980களின் நடுவில், டிஸ்னியில் கதைப் பிரிவில் பணியாற்றிய கிறிஸ்டோபர் வோக்லர், கேம்பலின் நூலைத் திரைக்கதைக்காரர்களுக்கு ஏற்றபடி ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். அது கைமாறிக் கைமாறிப் பரவியது. 1992இல் அதை விரித்து நூலாகவும் வெளியிட்டார். 17 படிகள் அதில் 12 ஆகிவிட்டன. இன்று நம் காதில் விழும் ‘அழைப்பு’ பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தின் சுருக்கம். அதனால்தான் அது ‘பத்தாம் பக்கத்தில் வைக்க வேண்டிய ஒன்று’ மாதிரி ஆகிவிட்டது.

தமிழில் ‘சாகசம்’ என்ற சொல்லும் சேர்ந்து கொஞ்சம் குழப்புகிறது. சாகசம் என்றவுடன் நம் மனதில் மலை உச்சியும் கயிறும் வாளும்தான் வருகின்றன. ஆனால் கேம்பல் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் வேறு பொருளைத் தருகிறது: வரவிருப்பது, நேரவிருப்பது. ஆக, இதை ‘வரவிருப்பதன் அழைப்பு’ என்று மனசுக்குள் மாற்றிப் படித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘நாயகன்’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. நம் அணி இலக்கணம் காப்பியத் தலைவனைத் தனக்கு நிகரில்லாதவன் என்று வரையறுக்கிறது. அழைப்பு பற்றிப் பேசும்போது அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட வேண்டும். அழைப்பு வரும்போது அந்த ஆள் பெரும்பாலும் ஒன்றுமே இல்லாதவர்.

ஒரு பந்தும் ஒரு பூமாலையும்

கேம்பல் அழைப்பை விளக்க எடுத்துக்கொண்ட முதல் கதையில் போர் இல்லை, மலை இல்லை. கிரிம் சகோதரர்கள் தொகுத்த தவளை அரசன் கதை. ஒரு குட்டி இளவரசி காட்டோர நீரூற்றின் பக்கத்தில் உட்கார்ந்து தங்கப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறாள். ஒருமுறை கை தவறுகிறது. பந்து உருண்டு நீருக்குள் போகிறது. அடி தெரியாத ஆழம். அவள் அழுகிறாள். நீருக்குள்ளிருந்து ஒரு தவளை தலையை நீட்டி, எடுத்துத் தருகிறேன், ஆனால் என்னை உன் தோழனாக வைத்துக்கொள்ள வேண்டும், உன் தட்டில் சாப்பிட விட வேண்டும் என்கிறது. சரி சரி என்கிறாள். பந்து கைக்கு வந்ததும் ஓடிவிடுகிறாள். மறுநாள் அரண்மனைக் கதவு தட்டப்படுகிறது.

இதில் எது அழைப்பு? பந்து விழுந்ததா, தவளை பேசியதா, கதவு தட்டப்பட்டதா? மூன்றும் சேர்ந்துதான் என்று நான் சொல்வேன். ஆனால் கேம்பல் முக்கியமாக விரல் வைப்பது அந்தக் கை தவறலில். சின்னப் பிசகு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்தப் பிசகு வழியாக அவள் அதுவரை அறியாத ஓர் உலகம் எட்டிப் பார்க்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மணிமேகலை. அங்கேயும் ஆரம்பம் இவ்வளவு சின்னதுதான். மணிமேகலை பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவள் தாய் மாதவி, கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சு மகள் காதில் விழுகிறது. கண்ணீர் வழிந்து கையிலிருக்கும் மாலையில் சொட்டுகிறது. கண்ணீர் பட்ட மாலை தூய்மை இழந்துவிட்டது, புதுப்பூ பறித்து வா என்கிறாள் மாதவி. மணிமேகலை உவவனத்துக்குப் புறப்படுகிறாள். அங்கே இளவரசன் உதயகுமரன் அவளைத் தேடி வருகிறான், பிறகு மணிமேகலா தெய்வம் அவளைத் தூங்கும்போதே எடுத்துக்கொண்டு மணிபல்லவத் தீவில் வைக்கிறது, அமுதசுரபி கிடைக்கிறது, ஒரு காப்பியமே விரிகிறது.

ஒரு சொட்டுக் கண்ணீர் அந்த மாலையில் விழாமல் இருந்திருந்தால்? பூப்பறிக்கப் போயிருக்கவே மாட்டாள். இதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கண்ணீர் அவள் யார், யாருடைய மகள் என்பதிலிருந்து வருகிறது. இளவரசியின் பந்து தவறி விழுகிறது. மணிமேகலையின் மாலை அவள் துக்கத்தாலேயே கெடுகிறது. இரண்டில் எனக்குப் பிந்தையதுதான் ஆழமானதாகப் படுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அழைப்பு பெரிய நிகழ்ச்சியாக இருக்கத் தேவையில்லை. பந்து விழலாம், மாலை நனையலாம். அது வந்த பிறகு பழைய மாதிரியே இருப்பது என்பது அந்தப் பாத்திரத்துக்கு இயல்பாக நடக்கிற காரியமாக இல்லாமல், அவர் தேர்ந்தெடுக்கிற காரியமாக ஆகிவிட வேண்டும்.

உள்ளே எப்படி வேலை செய்கிறது

சரி, இப்போது இயந்திரத்தைத் திறந்து பார்ப்போம். உள்ளே மூன்று பாகங்கள்.

முதலாவது, பழகிய உலகம். அழைப்புக்கு முன் அந்தப் பாத்திரம் வாழும் அன்றாட வாழ்க்கைக்கு இந்தப் பெயர். அது இன்பமாக இருக்க வேண்டும் என்றில்லை, பழகியிருந்தால் போதும். அழைப்பின் கனம் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. யாருக்கு எதை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்று தெரியாவிட்டால் போவதற்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது, குறை. இந்தச் சொல்லை ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப்பிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். கேம்பலுக்கு இருபது வருடம் முன்பே, 1928இல், ரஷ்ய மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் 31 வகை நிகழ்வுகள் ஒரே வரிசையில் வருகின்றன என்று காட்டியவர். அவர் கணக்கில் கதையை உண்மையாக நகர்த்துவது இரண்டில் ஒன்று: யாரோ தீங்கு செய்கிறார்கள், அல்லது யாருக்கோ எதுவோ இல்லை. இந்த ‘இல்லை’தான் குறை. குழந்தை இல்லை, மழை இல்லை, மருந்து இல்லை, மரியாதை இல்லை.

பிராப் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு மிகவும் தேவையானது. குறை இருப்பதை ஒரு நிகழ்வாகவும், அது நாயகனுக்குத் தெரியவருவதைத் தனி நிகழ்வாகவும் பிரித்து வைத்தார். இது முடியைப் பிளக்கும் வேலை மாதிரித் தோன்றலாம், ஆனால் முழு ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. குறை பல வருடங்களாக இருந்துகொண்டே இருக்கலாம். தாடகையும் அவள் கூட்டமும் முனிவர்களின் வேள்வியைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அயோத்தியில் ராமன் வில் பழகிக்கொண்டிருக்கிறான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. விசுவாமித்திரர் அரண்மனை வாசலில் வந்து நின்ற அன்றுதான் சம்பந்தம் உண்டாகிறது.

அப்படி வந்து நிற்பவர்தான் மூன்றாவது பாகம்: தூதர். குறையையும் ஆளையும் இணைத்து வைப்பவர் அல்லது இணைத்து வைக்கும் பொருள். தூதர் மனிதராக இருக்க வேண்டும் என்றில்லை.

ஆக, பழகிய வாழ்க்கை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கோ ஒரு குறை இருக்கிறது, தூதர் வந்து இந்தக் குறை உன்னுடையது என்கிறார். அந்த நொடியில் போன் அடிக்கிறது. என் நண்பரின் கதையில் குறை இருந்தது, பழகிய உலகம்கூட நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. இடிந்த பாலத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நூல் மட்டும்தான் இல்லை.

யார் யாரெல்லாம் வந்து அழைக்கிறார்கள்

தூதரையும் வழிகாட்டியையும் ஒன்றாக்கிப் பேசுவது மிகப் பரவலான தவறு. ஞானமுள்ள பெரியவர் வந்து உதவுவது கேம்பலின் வரிசையில் தனிப் படி, அழைப்புக்கும் மறுப்புக்கும் பிறகு வருவது. இரண்டு வேலையையும் ஒருவரே செய்யலாம், விசுவாமித்திரர் செய்கிறார். ஆனால் தூதர் பல நேரம் அழகற்றவர், பயமூட்டுபவர், உலகம் கேவலமாக நினைக்கும் ஒன்று. வழவழப்பான தவளை அரண்மனைப் படிக்கட்டில் தத்தித் தத்தி ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள்.

புத்தரின் கதையில் தூதர்கள் நான்கு பேர்: ஒரு முதியவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவி. அவர்களில் யாரும் சித்தார்த்தனிடம் வா என்று சொல்லவில்லை. வெறுமனே அவன் கண்ணில் பட்டார்கள். கில்காமேஷ் காப்பியத்தில் சாகாவரம் தேடிப் போகச்செய்வது, உயிர் நண்பன் என்கிடுவின் மரணம். அங்கே தூதர் ஒரு சடலம். 1605இல் முதல் பாகம் வெளிவந்த ஸ்பானிய நாவலான தொன் கிஹோத்தேயில் நாயகனைத் தேடி யாருமே வரவில்லை. வீரக்கதைகளை இரவு பகலாகப் படித்துப் படித்து, அந்தப் புத்தகங்களே அவனைக் கூப்பிட்டுவிட்டன.

அனுமனுக்கு வந்த அழைப்பு இன்னொரு தினுசு. சீதையைத் தேடிக் கடற்கரைவரை வந்த வானரர்கள் இனி என்ன செய்வது என்று திகைத்து நிற்கிறார்கள். யாரால் எவ்வளவு தாண்ட முடியும் என்று கணக்குப் பார்க்கிறார்கள், போதவில்லை. அனுமன் பேசாமல் இருக்கிறான். சாம்பவான்தான் அவன் பக்கம் திரும்பி, நீ யார் தெரியுமா என்று அவன் பிறப்பையும் ஆற்றலையும் அவனுக்கே எடுத்துச் சொல்கிறார். புதிதாக எதுவும் தரவில்லை, மறந்ததை நினைவூட்டுகிறார். அவ்வளவுதான், அவன் வளர ஆரம்பிக்கிறான். ‘உன்னால் முடியும்’ என்று தெரிந்த பிறகு கரையில் உட்கார்ந்திருக்க முடியுமா?

தமிழில் அழைப்புக்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது என்பதை யாரும் இந்தப் பேச்சில் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணரோ பொருநரோ கூத்தரோ, எதிரே பசியோடு வரும் இன்னொருவரைப் பார்த்து, நானும் நேற்றுவரை உன்னைப் போலத்தான் இருந்தேன், நீயும் அங்கே போ என்று வழிசொல்லும் பாட்டு. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து, ஆற்றுப்படைதான். குறை இருக்கிறது: வறுமை. தூதர் இருக்கிறார்: போய் வந்தவர். வழியில் எந்த நிலம் வரும், அங்கே யார் இருப்பார்கள், எப்படி வரவேற்பார்கள் என்று பயணம் முழுவதும் இருக்கிறது. (திருமுருகாற்றுப்படையில் முருகனின் அருளைப் பெற்றவர் அதை நாடுபவரை ஆற்றுப்படுத்துகிறார். அங்கே குறை வேறு, அமைப்பு அதே.) ஆனால் கேட்டவர் போனாரா என்று பாட்டு சொல்வதே இல்லை. அழைப்போடு நின்றுவிடுகிறது. பயணத்தை முடித்துத் திரும்பிய ஒருவரின் வாயால், இன்னும் கிளம்பாத ஒருவருக்குச் சொல்லப்படும் அழைப்பு. கேம்பல் வரைந்த வட்டத்தின் முடிவும் தொடக்கமும் நடுவழியில் எதிரெதிரே நின்று பேசிக்கொள்கின்றன.

‘மாட்டேன்’ என்பது ஏன் இவ்வளவு முக்கியம்

அழைப்பைவிட எனக்குப் பிடித்தது மறுப்புதான். அழைப்பு வந்ததும் வருகிற தயக்கம், பயம், சாக்கு, ஓட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மறுப்பு என்று பெயர். கதை எழுதுபவர்கள் இதை ஒரு சடங்கு மாதிரி செய்துவிட்டுத் தாண்டிப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. நாயகன் ஒரு பத்தியில் முடியாது என்பான், அடுத்த பத்தியில் சரி என்பான்.

மறுப்பு எதற்கு? அது விலைச்சீட்டு. போவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைப் போகத் தயங்கும் மனம்தான் நமக்குக் காட்டுகிறது.

கம்பனில் விசுவாமித்திரர் ராமனைக் கேட்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தசரதன் காதில் அந்தச் சொல் எப்படி விழுகிறது? மார்பில் வேல் பாய்ந்து உண்டான புண்ணின் பெரிய துளைக்குள் நெருப்பு நுழைந்தது போல விழுகிறது. பார்வையில்லாதவன் பார்வை பெற்று மீண்டும் இழந்தது போல அவன் துடிக்கிறான். பிள்ளையில்லாமல் எத்தனையோ காலம் இருந்து, வேள்வி செய்து பெற்ற மகன் அல்லவா? உடனே, அவன் சின்னவன், நானே வருகிறேன், நான் காவல் நிற்கிறேன் என்கிறான். முனிவருக்குக் கோபம் வருகிறது. வசிட்டர் எடுத்துச் சொன்ன பிறகுதான் தசரதன் இணங்குகிறான்.

அழைப்பு ராமனுக்கு, மறுப்பு தந்தையிடமிருந்து வருகிறது. மறுப்பை நாயகன்தான் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை. அவனைப் பிரிய முடியாத யாரோ சொல்லலாம், அப்போது அது இன்னும் வலிக்கும்.

மறுப்பு ஓட்டமாகவும் இருக்கலாம். விவிலியத்தில் யோனாவை நினிவேக்குப் போ என்று கடவுள் அனுப்புகிறார், யோனா நேர் எதிர்த்திசையில் தர்சீசுக்குக் கப்பல் ஏறுகிறார். புயல், கடல், பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள். கடைசியில் நினிவேக்குத்தான் போகிறார். நடிப்பாகவும் இருக்கலாம். ட்ராய் போருக்கு ஆள் திரட்ட வந்தபோது, ஹோமரின் ‘ஒடிசி’ காப்பிய நாயகன் ஒடிசியஸ் பைத்தியம் மாதிரி நடித்ததாக ஹோமருக்குப் பிந்தைய கிரேக்க மரபு சொல்கிறது. குதிரையையும் மாட்டையும் ஒரே ஏரில் பூட்டி உழுகிறான், உப்பை விதைக்கிறான். வந்தவர்களில் ஒருவனான பலமிடீஸ், ஒடிசியஸின் கைக்குழந்தை டெலிமக்கஸைத் தூக்கிக்கொண்டு வந்து ஏருக்கு முன்னால் கிடத்துகிறான். ஒடிசியஸ் ஏரைத் திருப்பிவிடுகிறான். பைத்தியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு திருப்பத்தில் மறுப்பும் முடிகிறது, அவன் எதற்காக மறுத்தான் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது: அந்தக் குழந்தைக்காக.

இங்கே தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா நினைவுக்கு வருகிறது. அகப்பாடல்களில் பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் முகம் வாடுவதைப் பார்த்துப் பயணத்தை நிறுத்திவைப்பான். இதற்குச் செலவழுங்கல் என்று பெயர். அப்படி நிறுத்துவது போகாமலே இருந்துவிடுவது ஆகாது, அவளைத் தேற்றி ஆற்றுவதற்காகத் தள்ளிப்போடுவதுதான் என்கிறது கற்பியல் நூற்பா. இது காதல் பாட்டுக்கான இலக்கணம், சாகசக் கதைக்கானது இல்லை, தெரியும். ஆனால் மறுப்பை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வரி எனக்குக் கிடைக்கவில்லை. நல்ல கதைகளில் வரும் மறுப்பு, போகாமை இல்லை. விட்டுப்போக வேண்டியவற்றின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நின்று பார்ப்பது.

மறுபடியும் சுருக்கமாக: அழைப்பு ஒரு கேள்வியை எழுப்புகிறது. மறுப்பு அந்தக் கேள்வியின் எடை எவ்வளவு என்று காட்டுகிறது. உடனே சரி என்றுவிடும் நாயகர்களும் உண்டு, தப்பில்லை, ஆனால் அங்கே எடையை ஆசிரியர் வேறு எங்காவது வைத்திருக்க வேண்டும்.

கலந்துபோகும் சில சொற்கள்

தூண்டு நிகழ்ச்சி என்று திரைக்கதைக்காரர்கள் சொல்வது, கதையின் சமநிலையைக் குலைக்கும் முதல் பெரிய நிகழ்ச்சி. அது அழைப்பாகவே இருக்கலாம், அழைப்புக்கு முன்னால் தனியாகவும் வரலாம். கொலை நடப்பது தூண்டு நிகழ்ச்சி, அந்த வழக்கை நீ எடு என்று ஒருவர் கதவைத் தட்டுவது அழைப்பு. நிலைப்படி தாண்டுதல் என்பது பழகிய உலகத்தைவிட்டு உண்மையிலேயே வெளியே கால் வைப்பது. கிளம்பியதையே அழைப்பு என்று சொல்பவர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். போன் அடிப்பது வேறு, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது வேறு.

அழைப்பு மேடையிலேயே நடக்க வேண்டும் என்றும் இல்லை. பொன்னியின் செல்வன் தொடங்கும்போது வந்தியத்தேவன் ஏற்கெனவே குதிரைமேல் இருக்கிறான், ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகள் ஏற்கெனவே அவனிடம் இருக்கின்றன. அழைப்பு நமக்குப் பின்னால் எங்கோ முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த ஓலைகள் இருக்கும்வரை அது ஓயாது, அவன் எங்கே தங்கினாலும் அவனைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எல்லாக் கதையிலும் இது உண்டா?

இல்லை. கேம்பல் தன் வரைபடத்துக்குப் பொருந்தும் கதைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார், பொருந்தாதவற்றை விட்டுவிட்டார் என்பது நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள் சொல்லும் குற்றச்சாட்டு, அதில் நியாயம் இருக்கிறது. அந்த வரைபடம் பெரும்பாலும் ஆணின் பயணம் என்ற விமர்சனமும் உண்டு. மோரீன் மர்டாக் 1990இல் கதாநாயகியின் பயணத்துக்கென்று வேறொரு வரைபடமே எழுதினார். ஒரு வீட்டுக்குள்ளேயே, ஒரு மனசுக்குள்ளேயே நடந்து முடியும் எத்தனையோ அருமையான கதைகளில் யாரும் எங்கும் போவதில்லை. அங்கே அழைப்பைத் தேடிப்பிடித்துக் காட்டுவது கதைக்குச் செய்யும் அநியாயம். அழைப்பு ஒரு விளக்கு மாதிரி, அது எரியும் கதையில் பார்ப்பதற்குத்தான் உதவும்.

ஒன்றை நீங்களே பிடித்துப் பாருங்கள்

கடைசியாக ஒன்றைச் சேர்ந்து பார்க்கலாம். ஒடிசி 24 காண்டம் கொண்ட காப்பியம், ஒடிசியஸின் கதை. ஆனால் அவனை நாம் நேரில் பார்ப்பது ஐந்தாம் காண்டத்தில்தான். முதல் நான்கும் யாருடையவை தெரியுமா? ஏருக்கு முன்னால் கிடத்தப்பட்ட அந்தக் குழந்தையுடையவை.

டெலிமக்கஸுக்கு இப்போது இருபது வயது. அப்பா போனவர் வரவில்லை. அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போட்டிபோடும் கூட்டம் வீட்டை நிறைத்துக்கொண்டு அவர்கள் சொத்தைத் தின்று தீர்க்கிறது. அவன் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அப்பா திடீரென்று வந்து இவர்களைத் துரத்தினால் எப்படி இருக்கும் என்று கனவு கண்டுகொண்டிருக்கிறான். குறை இருக்கிறது, பல வருடமாக இருக்கிறது. பழகிய உலகமும் இருக்கிறது, அவமானமான உலகம்தான் என்றாலும் பழகிவிட்டது. அப்போது வாசலில் ஒரு வழிப்போக்கன் வந்து நிற்பது அவன் கண்ணில் படுகிறது. மெண்டீஸ் என்ற பெயரில், மனித உருவில் வந்திருக்கும் ஏதீனா தெய்வம். உபசரித்து உட்காரவைக்கிறான். பேச்சுவாக்கில் அவள், நீ இனிக் குழந்தை இல்லை, ஒரு கப்பலை எடு, பைலோசுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போ, உன் அப்பாவைப் பற்றி விசாரி என்கிறாள். பிறகு பறவை போல மறைந்துவிடுகிறாள்.

அவள் வருவதற்கு முன் அந்தக் கூட்டத்தின் நடுவே அவன் உட்கார்ந்திருந்தது, வேறு போக்கிடம் இல்லாத ஒரு பையன் உட்கார்ந்திருந்தது. அவள் போன பிறகு அதே இடத்தில் உட்கார்ந்தால், அது அவர்களுக்கு இடம் கொடுத்து உட்காருவது.

மறுநாள் இரவு அவன் கப்பல் ஏறுகிறான். அம்மாவிடம் சொல்லவில்லை. வளர்த்த செவிலி யூரிக்ளியாவிடம் மட்டும் சொல்லி, பதினொன்று பன்னிரண்டு நாள் ஆகும்வரை, அல்லது அம்மாவே தேடிக் கேட்கும்வரை, வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். கிழவி அழுகிறாள். அழுதுகொண்டே வழிக்கு வேண்டிய மதுவை ஜாடிகளில் ஊற்றி, மாவைத் தோல்பைகளில் நிரப்பிக் கொடுக்கிறாள்.